ஃபெஸ் நகரின் மதீனா: மதிலுக்குள் ஓர் ஒழுங்கு

மதீனா என்றதும் தமிழ் வாசகர் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது நபிகள் நாயகம் அடக்கமாகியிருக்கும் அரேபிய நகரம்தான். யத்ரிப் என்று பெயர் கொண்டிருந்த அந்த ஊர், 622இல் நபிகள் மக்காவிலிருந்து அங்கே குடிபெயர்ந்த பின் ‘நபியின் நகரம்’ என்று அழைக்கப்பட்டு, நாளடைவில் வெறும் ‘நகரம்’, அதாவது மதீனா, என்று சுருங்கி நிலைத்தது. அரபு மொழியில் அச்சொல்லுக்கு நகரம் என்பதே பொருள். ஆனால் மொராக்கோவிலோ துனிசியாவிலோ டாக்ஸி ஓட்டுநரிடம் ‘மதீனா’ என்று சொன்னால், அவர் உங்களை மதில் சூழ்ந்த பழைய நகர்ப்பகுதியின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பொதுச்சொல்லாக இருந்தது பழைய பகுதிக்கு மட்டும் உரிய பெயராகிவிட்டது எப்படி, அந்தப் பழைய பகுதி எந்த முறையில் கட்டப்பட்டது, முதல்முறை உள்ளே நுழைபவர் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பவற்றை, மொராக்கோவின் ஃபெஸ் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே பார்க்கலாம்.

ஃபெஸ் என்ற பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பிக்கு உலகம் முழுவதும் ஃபெஸ் என்ற பெயர் இருப்பது இந்த ஊரை வைத்துத்தான் என்று கருதப்படுகிறது. அதைவிட நெருக்கமான தொடர்பு ஒன்றும் உண்டு. இலங்கையில் பாவா ஆதம் மலையில் (சிவனொளிபாத மலையில்) ஏறி, பிறகு மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியிடம் வந்து தங்கிய மொராக்கோப் பயணி இப்னு பதூதா, தம் பயண நினைவுகளை 1355இல் சொல்லி முடித்தது ஃபெஸ் நகரில். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் அவற்றைக் கேட்டு எழுதினார். ஆகவே 14ஆம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் நேரடிச் சாட்சியங்களுள் ஒன்று, வைகையிலிருந்து பல ஆயிரம் மைல் தொலைவில், நாம் இப்போது நுழையப்போகும் மதில்களுக்குள் எழுதப்பட்டது.

ஃபெஸ் தொடக்கத்தில் ஓர் ஊர் அல்ல. ஆற்றின் இரு கரைகளில் இரண்டு ஊர்கள். வலக்கரையில் 789இல் முதலாம் இத்ரீஸ் ஓர் ஊரைத் தோற்றுவித்தார். அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் எதிர்க்கரையில் மற்றோர் ஊரை அமைத்தார். ஸ்பெயினின் குர்துபா நகரில் 818இல் அரசனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, அங்கிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் வந்து வலக்கரையில் குடியேறினார்கள். அதை அடுத்த ஆண்டுகளில் துனிசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்தவர்கள் இடக்கரையில் குடியேறினார்கள். அந்தலூசியர் கரை, கைரவானியர் கரை என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. தனித்தனி மதில்களோடு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இந்த இரண்டையும், 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் மரபின் ஆட்சியாளர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் ஒரே மதிலுக்குள் இணைத்தார். மரீனித் அரசர்கள் 1276இல் அரண்மனைக்கும் படைக்கும் என்று மேற்கே தனியாக ஒரு நகரைக் கட்டியபோது அதற்கு ஃபெஸ் அல்-ஜதீத், புது ஃபெஸ், என்று பெயரிட்டார்கள். முந்தையது ஃபெஸ் அல்-பாலி, பழைய ஃபெஸ், ஆயிற்று. எழுநூற்று ஐம்பது ஆண்டுகள் வயதான ஒன்றை இன்னும் ‘புது’ என்றே அழைக்கும் ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இங்கே காலம் எந்த அளவுகோலில் அளக்கப்படுகிறது என்பது புரிந்துவிடும்.

பழைய நகர் என்ற பொருளில் மதீனா என்ற சொல் நிலைபெற்றதற்குக் காரணம் பிரெஞ்சு ஆட்சி. 1912 மார்ச் 30 அன்று, மொராக்கோவைப் பிரான்சின் பாதுகாப்பில் வைக்கும் ஒப்பந்தம் ஃபெஸ் நகரிலேயே கையெழுத்தானது. பிரான்சின் முதல் ஆளுநராக வந்த லியோத்தே, பழைய நகரங்களை இடித்து அகலமான சாலைகள் போடுவதை விரும்பவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, இடையில் வெற்றிடம் விட்டு, ஐரோப்பியர்களுக்கென்று தனி நகரங்களைக் கட்ட முடிவு செய்தார். நகரமைப்பாளர் ஹென்றி ப்ராஸ்ட் அதற்கான திட்டங்களை வரைந்தார். நேர்த் தெருக்களும் மரவரிசைகளும் கொண்ட புது நகரம் பக்கத்தில் எழுந்த பிறகே, அதுவரை வெறும் நகரமாக இருந்தது ‘பழைய’ நகரமாயிற்று. இந்தக் கொள்கையைப் பாராட்டுவோரும் உண்டு, பழிப்போரும் உண்டு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது: மதீனா இடிபடாமல் தப்பியது அந்தக் கொள்கையால்தான், முதலீடும் அலுவலகங்களும் வசதியான குடும்பங்களும் அதைவிட்டு வெளியேறியதும் அந்தக் கொள்கையால்தான்.

சரிவு சொல்லும் திசை

பெரும்பாலான பயணிகள் மேற்கு எல்லையில் உள்ள பாப் பூ ஜலூத் வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். ‘பாப்’ என்றால் வாசல். மூன்று வளைவுகள் கொண்ட அதன் வெளிமுகம் நீல ஓடுகளாலும், நகரைப் பார்த்த உள்முகம் பச்சை ஓடுகளாலும் அலங்கரிக்கப்பட்டவை. நீலம் ஃபெஸ் நகரின் நிறம், பச்சை இஸ்லாத்தின் நிறம் என்று விளக்கம் சொல்வார்கள். ஃபெஸ் என்றதும் எல்லோரும் படம் பிடிக்கும் இந்த வாசல் 1913இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. உண்மையான பழைய வாசல் பக்கத்திலேயே அடக்கமாக நிற்கிறது. அதை யாரும் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வாசலைத் தாண்டியதும் இரண்டு தெருக்கள் பிரிகின்றன: தாலா கபீரா, தாலா ஸ்கீரா. ‘தாலா’ என்றால் ஏற்றம். பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம். ஆனால் இந்த வாசல் வழியாக வருபவருக்கு அவை இரண்டும் இறக்கமாகவே இருக்கும், ஏனென்றால் பெயர் வைத்தவர்கள் கீழே, நகரின் நடுவில் நின்று மேல்நோக்கிப் பார்த்தவர்கள். இந்தச் சிறிய செய்தியில் ஃபெஸ் மதீனாவின் அமைப்பு பாதி அடங்கியிருக்கிறது. நகரம் ஒரு கிண்ணத்தைப் போன்றது. வாசல்களில் பல மேட்டில் உள்ளன. பெரிய பள்ளிவாசல், முதன்மைச் சந்தை, ஆறு ஆகியவை பள்ளத்தில் உள்ளன. எனவே வழி தெரியாதபோது கால் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் நகரின் நடுப்பகுதியை அடைந்துவிடலாம். இடுங்கிய சந்துகளில் கைபேசி வரைபடத்தின் நீலப்புள்ளி சுவர்களுக்குள் புகுந்து தடுமாறும், சரிவு தடுமாறாது.

தாலா கபீராவில் இறங்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே பூ இனானிய்யா மதரசா வருகிறது. இப்னு பதூதாவை எழுதவைத்த அதே அபூ இனான் 1350க்கும் 1355க்கும் இடையில் கட்டியது. முற்றத்தில் நின்று ஒரு சுவரை மட்டும் கீழிருந்து மேலாகப் பாருங்கள். இடுப்புயரம் வரை ஸெல்லீஜ் எனப்படும் வண்ண ஓட்டுச் சில்லுகள், ஒவ்வொன்றும் உளியால் கையில் வெட்டப்பட்டவை. அதற்கு மேல் அரபு எழுத்துகள் ஓடும் ஒரு பட்டை. அதற்கு மேல் சுண்ணச் சாந்தில் செதுக்கிய வேலைப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே அட்லஸ் மலையின் தேவதாரு மரம், காலத்தால் கருத்தது. தண்ணீரும் தோள்களும் உரசும் இடத்தில் ஓடு, கை எட்டாத இடத்தில் சாந்து, மழையைத் தாங்கவேண்டிய இடத்தில் மரம் என்று பொருள்கள் அதனதன் வேலைக்கேற்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. மதரசாவுக்கு வெளியே, தெருவின் எதிர்ச்சுவரில் 1357ஆம் ஆண்டு நீர்க் கடிகாரத்தின் எச்சம் உள்ளது. பன்னிரண்டு சன்னல்களும் அவற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரங்களும் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கதவு திறந்து பித்தளைக் கிண்ணத்தில் உலோகக் குண்டு விழும் என்பார்கள். உள்ளே இருந்த பொறி இன்றில்லை.

தெரு அல்ல, வீடுதான் தொடக்கம்

ஃபெஸ் மதீனாவில் ஒன்பதாயிரம் சந்துகள் என்பது வழிகாட்டிகள் வாடிக்கையாகச் சொல்லும் கணக்கு. எண்ணிப் பார்த்தவர் யார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கழுதை போகும் அகலத்தில் தொடங்கி, எதிரே ஆள் வந்தால் பக்கவாட்டில் திரும்பி நிற்கவேண்டிய அகலம் வரை அவை குறுகிக்கொண்டே போவது உண்மை. இதைப் பார்த்த ஐரோப்பியப் பயணிகள் பலர், திட்டமே இல்லாத குழப்பம் என்று எழுதினார்கள். இன்றைய பயணிகளும் ‘புதிர்வழி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது பார்வையில் உள்ள பிழை. நாம் பழகிய நகரங்களில் முதலில் சாலை போடப்படுகிறது, பிறகு அதன் ஓரமாக மனைகள் பிரிக்கப்படுகின்றன. ஃபெஸ் போன்ற நகரில் வரிசை தலைகீழானது: முதலில் குடும்பம் தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறது, வீடுகளுக்கு இடையே போகவர விடப்பட்ட இடம் சந்து ஆகிறது, சந்துகள் சேருமிடம் தெரு ஆகிறது. மரத்தைத் தண்டிலிருந்து பார்க்காமல் இலையிலிருந்து பார்ப்பது போல இந்த நகரத்தை வீட்டிலிருந்து வெளியே வந்து பார்க்கவேண்டும்.

வீடு வெளியே எதையும் காட்டாது. பத்து மீட்டர் உயரத்துக்குக் காரை உதிர்ந்த ஒரு மொட்டைச் சுவர், அதில் ஆணிகள் அடித்த ஒரு மரக்கதவு, அவ்வளவுதான். கதவைத் திறந்தாலும் உள்ளே தெரியாது. நடை நேராகப் போகாமல் ஒரு முறையோ இரண்டு முறையோ திரும்பும். திரும்பி முடித்ததும் வானம் திறந்த முற்றமும், சில வீடுகளில் நடுவில் ஒரு நீர்த்தொட்டியும், சுற்றிலும் அறைகளும் தென்படும். முற்றம் வைத்த வீடு நமக்குப் புதிதல்ல என்றாலும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நம் பழைய வீட்டுக்குத் திண்ணை இருக்கும். தெருவோடு பேசும் இடம் அது. ஃபெஸ் வீட்டில் திண்ணைக்கு இடமே இல்லை. முற்றத்தில் எலுமிச்சையோ ஆரஞ்சோ நட்டுத் தோட்டம் வைத்திருந்தால் அந்த வீட்டை ரியாத் என்பார்கள். இன்று தங்கும் விடுதிகள் எல்லாம் மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரியாத் என்றே பலகை மாட்டிக்கொள்கின்றன.

இந்த அமைப்புக்குத் தட்பவெப்பம் ஒரு காரணம். உயர்ந்த சுவர்களுக்கு இடையே இடுங்கிய சந்தில் கோடை வெயில் தரையைத் தொடும் நேரம் குறைவு. இரவின் குளிர்ந்த காற்று முற்றத்தில் தேங்கிப் பகலின் முற்பாதியில் அறைகளைக் குளிர்விக்கிறது. ஆனால் தட்பவெப்பத்தைவிட ஆழமான காரணம் சட்டம். மொராக்கோவில் நிலவும் மாலிகி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின் அறிஞர்கள், நகரத்துக்கு வரைபடம் எதுவும் வரைந்து தரவில்லை. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் வழக்கு வழக்காகத் தீர்த்து வைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னு அர்-ராமி என்ற கொத்தனார், இத்தகைய தீர்ப்புகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். பிறருக்குத் தீங்கு விளைவிக்கக்கூடாது என்ற நபிமொழிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அடுத்த வீட்டு முற்றம் தெரியும்படி சன்னல் திறப்பது தீங்கு. எதிர்வீட்டுக் கதவுக்கு நேர் எதிரே உன் கதவை வைப்பது தீங்கு. எனவே கதவுகள் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். பாங்கு சொல்ல மனாராவில் ஏறும் மோதினாருக்கு வீடுகளின் உட்புறம் தெரிந்தால் என்ன செய்வது என்பதைக்கூட அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள்.

தெருவின் அகலம் பற்றியும் விதி உண்டு. பாதை பற்றித் தகராறு வந்தால் அதை ஏழு முழம் என்று வையுங்கள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி இருக்கிறது. பாரம் ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே கடந்துபோகப் போதுமான அளவு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் ஃபெஸ் சந்துகள் ஏன் அதைவிடக் குறுகலாக இருக்கின்றன? ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தன் சுவரை ஒட்டிய சிறு பட்டை நிலத்தில் மூட்டை இறக்கவும் கழுதையைக் கட்டவும் உரிமை உண்டு. அதற்கு ஃபினா என்று பெயர். தலைமுறைகள் கடக்கக் கடக்க அந்தப் பட்டையில் ஒரு படி வரும், பிறகு ஒரு முட்டுச்சுவர் வரும், பிறகு தலைக்கு மேலே தெருவைக் கடந்து எதிர்ச்சுவர் வரை ஓர் அறையே எழும். போவோர் வருவோருக்கு இடைஞ்சல் என்று யாரும் முறையிடாதவரை அது நிற்கும். சந்தில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென இருட்டித் தலையைக் குனியவேண்டி வந்தால், யாரோ ஒருவருடைய அறைக்குக் கீழே நடக்கிறீர்கள் என்று பொருள்.

முட்டுச்சந்துக்கு இங்கே தர்ப் என்று பெயர். கடந்து செல்லும் தெரு எல்லோருக்கும் பொது. தர்ப் அப்படி அல்ல, அதன்மேல் வாசல் வைத்திருக்கும் வீட்டார்கள் அனைவரின் கூட்டு உடைமை அது. அவர்கள் எல்லோரும் சம்மதித்தால் ஒழிய அதில் ஒருவர் புதிதாகக் கதவு திறக்க முடியாது. முன்பு பல தர்ப்களின் முகப்பில் கதவு இருந்தது, இரவில் பூட்டப்பட்டது. இது தெரிந்துவிட்டால் வழி கண்டுபிடிப்பது எளிது. கடைகள் இருந்தால் அது கடந்து செல்லும் தெரு. கடைகள் நின்று, சுவர்கள் மட்டும் தொடர்ந்து, வளைவுகள் கூடக்கூட ஆள் அரவம் குறைந்தால், நீங்கள் ஒரு வீட்டாரின் தாழ்வாரத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திரும்பிவிடுவதே மரியாதை. ‘மூடியிருக்கிறது’ என்று சிறுவர்கள் குரல் கொடுப்பது சில நேரங்களில் வழிகாட்டிக் காசு கேட்பதற்காக இருக்கலாம். பல நேரங்களில் அது உண்மை.

ஐந்து தேவைகள்

பல தர்ப்கள் சேர்ந்தது ஒரு பேட்டை. அதை ஹவ்மா என்பார்கள். பேட்டைக்கு ஐந்து பொதுக் கட்டடங்கள் வேண்டும்: பள்ளிவாசல், குர்ஆன் ஓதும் பள்ளி, தண்ணீர்த்துறை, ஹம்மாம் எனப்படும் வெந்நீர்க் குளியலகம், ஃபர்ரான் எனப்படும் பொது அடுப்பு. இவற்றில் ஃபர்ரானை ஒரு முறையாவது நின்று பார்க்கவேண்டும். மாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டி, பலகையில் வைத்துத் துணியால் மூடி வீட்டுப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். ஃபர்ரான்காரர் நீண்ட மரத்துடுப்பால் ரொட்டிகளை அடுப்புக்குள் தள்ளி எடுப்பார். பத்து வீட்டு ரொட்டிகள் ஒன்றாக வேகும். எது எந்த வீட்டுடையது என்பதை அவர் தடிமனையும் விளிம்பையும் துணியையும் வைத்தே சொல்லிவிடுவார். ஹம்மாமின் உலைக்குத் தச்சுப் பட்டறைகளின் சீவலும் மரத்தூளும் எரிபொருள். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவில் பெரும்பகுதியை வக்ஃபு எனப்படும் அறக்கொடைச் சொத்து ஏற்றது; மொராக்கோவில் அதை ஹபூஸ் என்பார்கள். கடைத்தெருவில் ஒரு கடையின் வாடகை பள்ளிவாசல் விளக்குக்கு, இன்னொன்றின் வாடகை மதரசா மாணவர்களின் உணவுக்கு என்று எழுதிவைக்கப்பட்டிருந்தது.

நகரின் நடுவில் கரவிய்யீன் பள்ளிவாசல் இருக்கிறது. கைரவானிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி, தமக்கு வந்த சொத்தைக் கொண்டு 859இல் இதைக் கட்டினார் என்பது மரபு. அதனோடு வளர்ந்த கல்விக்கூடத்தை உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பலரும் சொல்கிறார்கள். அது அன்று மதரசாவா பல்கலைக்கழகமா என்ற விவாதம் ஒருபுறம் நடக்கிறது. நவீனப் பல்கலைக்கழக அமைப்புக்குள் அது வந்தது 1963இல். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போகமுடியாது. மொராக்கோவின் பெரும்பாலான பள்ளிவாசல்களில் இதே நிலைதான். திறந்த வாசல் வழியே, வெண்ணிறத் தூண்களையும் முற்றத்துத் தொட்டியையும் எட்டிப் பார்க்கலாம். பல நூற்றாண்டுகளாகக் கட்டடங்கள் வந்து மொய்த்துக்கொண்டதில், இவ்வளவு பெரிய பள்ளிவாசலுக்கு முகப்பு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. வாசல்கள்தான் அங்கங்கே தெரிகின்றன.

சந்தை இந்தப் பள்ளிவாசலைச் சுற்றித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. வாசனைப் பொருள்களும் மசாலாவும் விற்ற தெரு அத்தாரீன். நாம் சொல்லும் அத்தர் அதே வேர்ச்சொல். அங்கே 1323க்கும் 1325க்கும் இடையில் கட்டிய சிறிய மதரசா ஒன்று, என் கணிப்பில், பூ இனானிய்யாவைவிட அழகானது. விலையுயர்ந்த துணிகளுக்குக் கைஸரிய்யா என்ற கூரையிட்ட அங்காடி; இரவில் அதன் கதவுகள் பூட்டப்படும். வெளியூர் வணிகர்கள் கழுதைகளைக் கீழே கட்டிவிட்டு மேல்தளத்தில் தங்கிய சத்திரங்களுக்கு ஃபுந்துக் என்று பெயர். தச்சர் சதுக்கத்தில் உள்ள நஜ்ஜாரீன் ஃபுந்துக் இன்று மரவேலை அருங்காட்சியகம். அதன் அருகே இரண்டாம் இத்ரீஸின் அடக்கத்தலத்துக்குப் போகும் சந்துகளில் குறுக்கே ஒரு மரக்கட்டை பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். கழுதையை நிறுத்துவதற்கும், மனிதரைத் தலைகுனிய வைப்பதற்கும் அந்த ஒரே கட்டை போதும்.

மணமும் மதிப்பும் உள்ள தொழில்கள் பள்ளிவாசலுக்கு அருகே, இரைச்சலும் நாற்றமும் உள்ளவை தொலைவில் என்று பாடநூல்கள் விதி சொல்லும். ஃபெஸ் அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. கரவிய்யீன் நூலகத்தை ஒட்டியே சஃப்பாரீன் சதுக்கத்தில் கன்னார்கள் நாள் முழுவதும் செம்பு அண்டாக்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தட்ட, மற்றவர் அந்தத் தாளத்தின் இடைவெளியில் தட்ட, அந்த ஓசைக்கு நடுவே பக்கத்துச் சுவருக்குள் கையெழுத்துப் பிரதிகள் உறங்குகின்றன. இதுபோன்ற முரண்கள் நினைவூட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர்கள் ஃபெஸ் முதலிய சில வட ஆப்பிரிக்க நகரங்களைப் பார்த்துவிட்டு ‘இஸ்லாமிய நகரம்’ என்ற ஒரே அச்சை வார்த்தார்கள். ஜேனட் அபு-லுகோத் என்ற ஆய்வாளர் 1987இல் அந்த அச்சைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தினார். 762இல் வட்டவடிவில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட பாக்தாதும் இஸ்லாமிய நகரம்தான். அதில் ஃபெஸ்ஸின் சாயல் கிடையாது. ஆகவே இங்கே சொல்லப்படும் அமைப்பை மாலிகி சட்டம் நிலவிய மேற்குப் பகுதிக்கு உரியதாகக் கொள்வதே பாதுகாப்பானது.

தண்ணீர் போகும் வழியில்

தொழில்களின் இடத்தைப் பள்ளிவாசலைவிடத் திட்டவட்டமாகத் தீர்மானித்தது தண்ணீர். மேற்கே இருந்து வரும் ஃபெஸ் ஆறு நகருக்கு வெளியே, மேட்டிலேயே வாய்க்கால்களாகப் பிரிக்கப்பட்டது. அங்கிருந்து சரிவின் விசையிலேயே பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுளுக்கும், தண்ணீர்த்துறைகளுக்கும், மாவு அரைக்கும் நீராலைகளுக்கும், வசதியான வீடுகளின் முற்றங்களுக்கும் ஓடியது. பயன்படுத்திய நீர் வேறு கால்வாய்களில் இறங்கி, இரு கரைகளுக்கும் நடுவே ஓடும் பூ க்ராரிப் ஆற்றில் கலந்தது. நல்ல நீர் மேலிருந்து வரும், கழிவு நீர் கீழே போகும், இரண்டும் கலக்கா. இதனால் தண்ணீரை அழுக்காக்கும் தொழில்கள் எல்லாம் இயல்பாகவே கீழே, ஆற்றை ஒட்டி அமைந்தன: சாயக்காரர் தெரு ஆற்றின் அருகே, தோல் பதனிடுவோர் அதற்கும் கீழே.

ஷவாரா தோல் பட்டறையைப் பார்க்கச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடிக்குத்தான் ஏறவேண்டும். வாசலில் ஒருவர் கையில் ஒரு கொத்துப் புதினாவைத் திணிப்பார், மூக்கில் வைத்துக்கொள்ள. மேலே நின்று பார்த்தால் தேன்கூட்டைப் போலக் கல் தொட்டிகள், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் வண்ணம். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு நீரும் புறா எச்சமும்: சுண்ணாம்பு மயிரைக் கழற்றுகிறது, எச்சம் தோலை மென்மையாக்குகிறது. ஆட்கள் தொடை வரை இறங்கி நின்று தோலைக் காலால் மிதித்துப் புரட்டுகிறார்கள். பிறகு அது சாயத் தொட்டிக்குப் போகிறது; காய்வதற்குக் கூரைகளில் விரிக்கப்படுகிறது. மாடியில் நின்று படமெடுப்பவர்களுக்கு இது வண்ணக் காட்சி. கீழே நிற்பவருக்கு இது முதுகை ஒடிக்கும் கூலி வேலை, சுண்ணாம்பு அரித்த தோலோடு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு அந்த வாடையை விவரிக்கவேண்டிய தேவை இருக்காது.

யூதர்களின் குடியிருப்பைப் பற்றியும் ஒரு சொல். 1438இல் ஃபெஸ் யூதர்கள் பழைய நகரிலிருந்து ஃபெஸ் அல்-ஜதீதில் அரண்மனையை ஒட்டிய பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். மல்லாஹ் என்ற அந்தப் பகுதியின் பெயரே, பிறகு மொராக்கோவின் மற்ற நகரங்களிலும் யூதர் குடியிருப்புக்குப் பொதுப்பெயர் ஆயிற்று. அங்கே வீடுகள் உள்முற்றத்தோடு நின்றுவிடாமல் தெருவைப் பார்த்த மரப் பலகணிகளை நீட்டுகின்றன. பத்து நிமிட நடையில் சுவர்களின் குணம் மாறிவிடுவதைக் கண்ணால் காணலாம்.

மொராக்கோ விடுதலை பெற்ற பிறகு வசதியான ஃபெஸ் குடும்பங்கள் காசாபிளாங்காவுக்கும் ரபாத்துக்கும் புது நகருக்கும் போய்விட்டன. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில், கிராமத்திலிருந்து வந்த ஐந்தாறு குடும்பங்கள் அறைக்கு ஒன்றாகக் குடியேறின. பராமரிப்பு நின்றது, சுவர்கள் சாய்ந்தன. இன்றும் பல சந்துகளில் எதிரெதிர்ச் சுவர்கள் மரச் சட்டங்களால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கப்பட்டு நிற்கின்றன. 1981இல் யுனெஸ்கோ ஃபெஸ் மதீனாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் பிறகு மதரசாக்களும் ஃபுந்துக்குகளும் ஷவாரா பட்டறையும் பழுதுபார்க்கப்பட்டன. வீடுகள் பல விடுதிகளாகின. சுவர் பிழைத்தது என்று மகிழ்வதா, ஃபர்ரானுக்கு மாவு அனுப்பும் வீடுகள் குறைகின்றனவே என்று வருந்துவதா என்று ஒவ்வொரு சந்திலும் தனித்தனியாகத்தான் முடிவு செய்யமுடியும்.

போகிறவர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. மதீனாவுக்குள் கார் வராது. சிமெண்டு, எரிவாயு உருளை, தோல், குளிர்பானப் பெட்டி எல்லாமே கழுதையிலும் கோவேறு கழுதையிலும் கைவண்டியிலும்தான் வருகின்றன. பின்னால் ‘பாலக்! பாலக்!’ என்ற குரல் கேட்டால், ஓரம் போ என்று பொருள். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்க்காமல் முதலில் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பகலில் பல கடைகள் மூடியிருக்கும். சுவர்களையும் வாசல்களையும் பார்க்க அதுதான் நல்ல நேரம், வாங்குவதற்கு அல்ல. ஆட்களைப் படமெடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் வழி ஒரு முறையாவது தவறும். அப்போது கடைகள் உள்ள தெருவுக்குத் திரும்பி வந்து, கால் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பாருங்கள். தாலா தெருக்களில் ஒன்றைப் பிடித்து மேட்டை நோக்கி நடந்தால் பாப் பூ ஜலூத். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பள்ளத்தை நோக்கி இறங்குங்கள். சஃப்பாரீனுக்குக் கீழே ர்சீஃப் சதுக்கம் வரும், அதுவரை வண்டிப்பாதை இருக்கிறது, அங்கே சிவப்பு நிறச் சின்ன டாக்ஸிகள் நிற்கும்.